சூரிய வெந்நீரில் உளூ: மக்ரூஹ் எது, வீண்விரயம் எது?



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

சென்ற ஜும்ஆ முடிந்ததும் நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு இளைஞர் என் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். விஷயம் இதுதான். அவருடைய அத்தாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. இந்த மலைக்குளிரில் சுப்ஹுக்கு எழுந்து உளூச் செய்யச் சிரமப்படுகிறார் என்று, மகன் தன் சம்பாத்தியத்தில் சேர்த்த காசைக் கொண்டு மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டார். இரண்டு மாதம் அத்தா நிம்மதியாக அந்த நீரில் குளித்தார், உளூச் செய்தார். பிறகு யாரோ ஒருவர், "வெயிலில் சூடான தண்ணீர் மக்ரூஹ் என்று கிதாபில் இருக்கிறது, வெண்குஷ்டம் வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியவர் அந்தக் குழாயைத் தொடுவதில்லை. தை மாதத்தில், புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் நீலகிரியின் விடியற்காலையில், பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டார். இப்போது நெஞ்சுச்சளி, காய்ச்சல். படுக்கையில் இருக்கிறார்.

"கிதாபில் அப்படி இருக்கிறதா ஹஜ்ரத்?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை.

இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஷாஃபியீ மத்ஹபில் ஓத ஆரம்பிக்கும் மாணவன் முதன்முதலில் கையில் எடுக்கும் சிறு நூல்களில் ஒன்று அபூ ஷுஜாஃ (ரஹ்) அவர்களின் மத்ன். அதன் தொடக்கப் பாடமே தண்ணீர். நீரை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். அதில் இரண்டாவது வகை, தானும் சுத்தமானது, பிறவற்றையும் சுத்தப்படுத்தும், ஆனால் பயன்படுத்துவது மக்ரூஹ். அதற்கு எடுத்துக்காட்டாக அவர்கள் சொல்வது 'மாஉல் முஷம்மஸ்', அதாவது வெயிலில் சூடேறிய நீர். மதரஸாவில் சேர்ந்த முதல் வருடமே நானும் இதை மனப்பாடம் செய்தவன்தான். இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் மின்ஹாஜில் மத்ஹபின் சொல்லாக இதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே அந்த மனிதர் பெரியவரிடம் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார். மார்க்க விஷயத்தில் பாதி என்பது சில நேரம் பொய்யைவிட அதிகச் சேதத்தை உண்டாக்கிவிடுகிறது.

மீதிப் பாதியை இப்போது பார்ப்போம்.

இந்தக் கராஹத்துக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டப்படுவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வெயிலில் நீரைச் சூடாக்கியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக வரும் ஓர் அறிவிப்பு. அது பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் இதை வெறுத்ததாக ஒரு செய்தியும் உண்டு. அதன் தொடரிலும் பேச்சு இருக்கிறது. அப்படியானால் இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் ஏன் இதைப் பேசினார்கள்? அல்உம்மு என்ற தங்கள் நூலில் அவர்கள் வைத்த அளவுகோலைக் கவனியுங்கள். மருத்துவ ரீதியில் தீங்கு உண்டு என்றால் ஒழிய, வெயிலில் சூடான நீரைத் தாம் வெறுப்பதில்லை என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து. அதாவது இது வணக்கத்தோடு சேர்ந்த தடை அல்ல. உடல்நலத்தை முன்னிட்டுச் சொன்ன ஓர் எச்சரிக்கை. மருத்துவம் வேறு சொன்னால் எச்சரிக்கைக்கு வேலை இல்லை.

பின்னால் வந்த ஃபுகஹாக்கள் அந்த எச்சரிக்கைக்கும் வேலி போட்டார்கள். உஷ்ணப் பிரதேசமாக இருக்க வேண்டும். செம்பு, இரும்பு போல் சுத்தியலால் தட்டி உருவாக்கும் உலோகப் பாத்திரமாக இருக்க வேண்டும். மண்பானை, தோல்பை என்றால் பிரச்சினை இல்லை, தங்கமும் வெள்ளியும் இதில் சேராது. உடலில் படும்படி பயன்படுத்த வேண்டும். துணி துவைத்தால் மக்ரூஹ் இல்லை. சூடாக இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும்; ஆறிவிட்டால் கராஹத் நீங்கிவிடும். ஏன் இத்தனை நிபந்தனை? கடும் வெயில் அந்த உலோகத்திலிருந்து ஒரு வகைக் கசடைப் பிரித்து நீரின் மேல் மிதக்க விடுகிறது, அது சூட்டோடு தோலில் பட்டால் வெண்குஷ்டம் வரலாம் என்பது அந்தக் காலத்து மருத்துவக் கணிப்பு.

இத்தனைக்கும் பிறகு, மின்ஹாஜில் மத்ஹபின் சொல்லை எழுதிய அதே இமாம் நவவீ (ரஹ்), ஆதாரங்களை அலசி எழுதிய மஜ்மூஃ என்ற பெரிய நூலில் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? இந்தக் கராஹத்துக்கு அடிப்படை இல்லை, மருத்துவர்களிடமிருந்தும் எதுவும் நிரூபணமாகவில்லை, ஆகவே மக்ரூஹ் இல்லை என்று உறுதியாகச் சொல்வதே சரி என்கிறார்கள். ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் அவர்கள். சோலார் ஹீட்டர் விற்பவர் யாரும் அவர்களிடம் ஃபத்வா கேட்டுப் போகவில்லை! பிற்கால ஷாஃபியீ அறிஞர்கள் சிலர் நிபந்தனைகளோடு மக்ரூஹ் என்ற சொல்லையே நம்பகமானதாக எடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹன்பலீ மத்ஹபில் இது மக்ரூஹ் இல்லை. ஹனஃபீ நூல்கள் சிலவற்றில் தவிர்ப்பது நல்லது என்ற பேச்சு உண்டு. ஆனால் மக்ரூஹ் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த நீரில் செய்த உளூ கூடாது என்று சொல்லவில்லை.

இப்போது நம் வீட்டு மாடியில் இருப்பதைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்கள் இரட்டைச் சுவர் கொண்டவை. இரண்டு சுவருக்கும் நடுவே காற்று நீக்கப்பட்டிருக்கும், நம் ஃபிளாஸ்க் மாதிரி. வெயில் படுவது அந்தக் கண்ணாடி மீது. உள்ளே சூடான நீர் இலேசாகி மேலே ஏறித் தொட்டிக்குப் போகிறது, குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்குகிறது. மோட்டார் இல்லாமல் பகல் முழுக்க இந்தச் சுழற்சி நடக்கிறது. தொட்டி துருப்பிடிக்காத எஃகினாலோ எனாமல் பூசிய இரும்பினாலோ ஆனது, சுற்றிலும் வெப்பக் காப்பு நுரை. அந்தத் தொட்டி நீரின் மேல் வெயில் படுவதே இல்லை. வேறொரு வகையில் செம்புக் குழாய் பதித்த தட்டையான பெட்டி வரும். அதுவும் மூடிய குழாய்தான். இன்னொன்று: வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது தொற்றும் நோயுமல்ல, வெந்நீரால் வருவதுமல்ல. உஷ்ணப் பிரதேசம் என்ற நிபந்தனைக்கு வந்தால், தை மாத ஊட்டியை யார் உஷ்ணப் பிரதேசம் என்று சொல்வார்?

ஆக, அந்தப் பெரியவர் தாராளமாக உளூச் செய்யலாம். இதை நான் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்து சொல்லிவிட்டும் வந்தேன்.

அவர் சும்மா விடவில்லை. ஓதிய மனிதர். "சிரமமான நேரத்தில் உளூவை முழுமையாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று ஹதீஸ் இருக்கே ஹஜ்ரத்? வெந்நீரில் செய்தால் அந்தக் கூலி போய்விடாதா?" என்றார். நல்ல கேள்வி. அபூஹுரைரா (ரலி) அறிவிக்க முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அது. சிரமங்களையும் தாண்டி உளூவை நிறைவாகச் செய்வது, பள்ளிவாசலை நோக்கி அதிகமாக எட்டு வைப்பது, ஒரு தொழுகைக்குப் பின் அடுத்த தொழுகையை எதிர்பார்த்திருப்பது, இவை தவறுகளை அழித்துத் தகுதிகளை உயர்த்தும் என்பது அதன் சாரம். ஆனால் சிரமம் வந்தால் அதைத் தாங்கு என்பது ஒன்று, சிரமத்தைத் தேடிப் போ என்பது வேறு. பள்ளிக்கு நிறைய எட்டு வைத்தால் நன்மை என்பதற்காக யாராவது நேர்வழியை விட்டு ஊரைச் சுற்றி வருவாரா? உமர் (ரலி) அவர்கள் சுடுநீரில் உளூச் செய்தார்கள் என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹின் ஒரு பாடத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். உமரைவிடக் கூலியில் ஆசை உள்ளவரா நாம்? உளூவின் சட்டத்தைச் சொல்லும் அல்மாயிதா அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், அல்லாஹ் உங்களுக்கு நெருக்கடி உண்டாக்க நாடவில்லை, உங்களைத் தூய்மைப்படுத்தவே நாடுகிறான் என்ற கருத்தோடுதான் முடிவை நெருங்குகிறது.

நெருக்கடி நிஜமாகவே உயிரைத் தொடும்போது என்ன செய்வது என்பதற்கு அம்ரு பின் அல்ஆஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இருக்கிறது. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவில் அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் இறந்துவிடுவோம் என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. விசாரித்தபோது, உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற பொருளில் வரும் அந்நிஸா 29-ஆம் வசனத்தை நினைத்துப் பார்த்தேன் என்றார்கள் அம்ரு. நபியவர்கள் சிரித்தார்கள், எதுவும் சொல்லவில்லை. இது அபூதாவூதில் இருக்கிறது. அதே அபூதாவூதில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைத்தால் இமாம் என்ற இந்த மிஹ்ராபில் நிற்கவே பயமாக இருக்கும். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். குளிப்புக் கடமையானது. கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை கிடையாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி எட்டியபோது, அவர்கள்தான் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே என்றும் சொன்னார்கள்.

பெரியவரிடம் பாதிக் கிதாபைச் சொன்ன அந்தச் சகோதரர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், யார் என்று நான் கேட்கமாட்டேன். நானும் என் முதல் வருட மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை விளக்கம் இல்லாமல் ஓதிக்கொடுத்திருக்கிறேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தயம்மும் சலுகை, நீரைச் சூடாக்க வழியே இல்லாதவனுக்கும் சூடாக்கியும் தாங்க முடியாதவனுக்கும் உரியது. சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் வரும் வீட்டில் இருந்துகொண்டு, போர்வைக்குள்ளிருந்தே மண்ணைத் தேடுகிற இளைஞர்களுக்கு அம்ரு (ரலி) அவர்களின் ஹதீஸில் இடம் இல்லை.

வெந்நீர் கூடும். இனி எவ்வளவு, எப்படி என்ற கேள்வி. இதில்தான் நம்மில் பெரும்பாலோர் சறுக்குகிறோம், நான் உட்பட.

இந்தப் பள்ளிக்கு இமாமாக வந்த முதல் குளிர்காலத்தில், மோதினாரிடம் ஓர் ஏற்பாடு சொன்னேன். இஷா முடிந்து பள்ளியைப் பூட்டும்போது உளூச் செய்யும் இடத்தில் உள்ள மூன்று ஹீட்டர்களையும் போட்டுவிட்டுப் போங்கள், சுப்ஹுக்கு வருபவர்களுக்குச் சூடாக இருக்கும் என்றேன். சேவை என்றுதான் நினைத்தேன். பல வருடம் அப்படியே ஓடியது. ஒரு நாள் பொருளாளர் மின்கட்டண ரசீதை என் முன்னால் வைத்தார். ஒன்றும் பேசவில்லை, மரியாதை உள்ள மனிதர். நான்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குள் சூடேறிய நீர் சும்மா இருக்காது. இரவு முழுக்கச் சூட்டைச் சுவருக்கும் காற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஆறியதும் கருவி தானாகப் பற்றிக்கொள்ளும், மறுபடி ஆறும், மறுபடி பற்றும். ஹீட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறி அளப்பது இந்த இழப்பைத்தான். காப்பு கெட்ட பழைய ஹீட்டர் ஒன்று, ஒரு சொட்டு நீரை யாரும் பயன்படுத்தாமலேயே நாளொன்றுக்கு ஒரு யூனிட்டையோ அதற்கு மேலேயோ தின்றுவிடும்.

அந்தப் பணம் யாருடையது? வெள்ளிக்கிழமை உண்டியலில் கூலித் தொழிலாளி போட்ட பத்து ரூபாய். வக்ஃபுக்கு யாரோ எழுதிவைத்த கடையின் வாடகை. அமானத். தேவை என்னவோ எளிதானது. 25 லிட்டர் ஹீட்டர், இரண்டு கிலோவாட். 15 டிகிரியில் இருக்கும் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்குச் சுமார் 40 நிமிடம் போதும். அதிகாலையில் தானாகப் போட்டு, தொழுகைக்குப் பின் தானாக அணைக்கும் ஒரு டைமர் சுவிட்ச் வாங்கி மாட்டினோம். இந்த யோசனை வர எனக்கு இத்தனை வருடம் ஆனதற்காக அல்லாஹ்விடம் தவ்பா செய்துகொண்டேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் காசு உங்களுடையது.

அடுத்தது குழாய். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்வார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஒரு முத்து என்பது ஏறக்குறைய முக்கால் லிட்டருக்கும் குறைவு. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாவு. ஹனஃபீ கணக்கில் கொஞ்சம் கூடும். நம் உளூவைப் பாருங்கள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சலாம் சொல்லி நலம் விசாரித்து, பிறகு பிஸ்மி. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கொட்டும் குழாயில் இரண்டு நிமிடம் என்றால் பத்து லிட்டர். அதுவும் வெந்நீர். பத்து லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்தச் சுமார் 0.29 யூனிட் மின்சாரம் வேண்டும். சுப்ஹுக்கு நாற்பது பேர் என்றால் கிட்டத்தட்ட 12 யூனிட். ஆளுக்கு இரண்டு லிட்டரில் முடித்தால் இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். சுன்னத்தான அளவைவிட அதுவே இரண்டு மூன்று மடங்கு! ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் உண்டு என்று ஸஅது (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னதாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உள்ளது. அதன் தொடரில் பலவீனம் இருப்பதாகப் பல அறிஞர்கள் சொன்னாலும், கருத்துக்குக் குர்ஆனே துணை நிற்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற பொருளுடைய அல்அஃராஃப் 31-ஐ அறியாதவர் இங்கே யாரும் இல்லை. பனூ இஸ்ராயீல் 27-ஆம் வசனம் விரயம் செய்பவர்களை யாருடைய சகோதரர்கள் என்று சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு இருபது லிட்டர் வாளி ஒன்று. மொத்தம் நூறு லிட்டர். 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 2.9 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 175 யூனிட் அளவுக்கு வரும். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் பெரும்பகுதியைக் குளியலறை மட்டுமே விழுங்கிவிடுகிறது. மற்ற செலவும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, கீழ் அடுக்குகளுக்கும் கூடுதலாகக் கட்ட நேரிடும். இதைத்தான் குளிர்கால ரசீதைப் பிடித்துக்கொண்டு "மீட்டர் ஓடுது ஹஜ்ரத், மீட்டர்ல கோளாறு" என்கிறீர்கள். பெரும்பாலும் மீட்டரில் கோளாறு இருக்காது.

மாடி சொந்தமாக இருந்து, பகலில் வெயில் தடையின்றி விழுந்தால், சோலார்தான் முதல் தேர்வு என்பது என் அபிப்பிராயம். இந்த மலையில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. உறைபனி விழுவது மேகமில்லாத இரவில்தான். மேகமில்லாத இரவுக்கு மறுநாள் பெரும்பாலும் பளிச்சென்ற வெயில். எந்த மாதத்தில் வெந்நீர் அதிகம் தேவையோ, அந்த மாதத்தில் அல்லாஹ் வானத்தைத் திறந்து வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி போர்த்திக்கொள்ளும், அப்போது தொட்டிக்குள் இருக்கும் மின்சாரக் கம்பியின் துணை வேண்டும். அதைத் தேவையான அன்று மட்டும் போடுங்கள். குளிர்ப்பிரதேசத்துக்குக் கண்ணாடிக் குழாய் வகை பொருத்தம். செம்புக் குழாய்த் தட்டு வகையில் உறைபனி இரவில் நீர் உறைந்து குழாய் வெடிக்க வாய்ப்புண்டு. ஆனால் கண்ணாடிக்குக் குரங்கு எதிரி. எங்கள் ஊர்க் குரங்குகளுக்கு மத்ஹப் கிடையாது. கம்பிவலை போட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஏறாது. குழாய்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சமவெளியிலிருந்து இதைப் படிக்கும் சகோதரர்களுக்கு: உங்கள் போர்வெல் நீர் உப்பாக இருந்தால் உள்ளே சுண்ணாம்பு படியும், ஆண்டுக்கொரு முறையாவது சுத்தம் செய்ய ஆள் வேண்டும். மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு அரை அங்குலக் குழாய் இருபது மீட்டர் வந்தால், அதற்குள் மூன்றரை லிட்டர் ஆறிய நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சூட்டுக்குக் காத்திருக்கிறோம். குழாய்க்குக் காப்புச் சுற்றுங்கள், வரும் ஆறிய நீரை வாளியில் பிடியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதுவும் ஃபிக்ஹுதான். நல்ல வெயில் நாளில் சோலார் நீர் எழுபது டிகிரியைத் தாண்டும். மிகக் கொதிப்பான நீரையும் மிகக் குளிர்ந்த நீரையும் ஷாஃபியீ மத்ஹபில் மக்ரூஹ் என்கிறார்கள். காரணம், அத்தகைய நீரில் உறுப்பை நிறைவாகக் கழுவ மனிதனால் முடியாது. கலந்து பயன்படுத்துங்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

வெயில் விழாத மாடி, அடுக்குமாடி வீடு என்றால் ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது அல்லவா, அதையே திருப்பிச் செய்வது இது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து நீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை முதல் மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். குளிர் கூடக் கூட இந்தப் பலன் குறையும். விலை அதிகம். ஒரு குடும்பத்துக்குத் தாங்காது, விடுதிக்கோ மதரஸாவுக்கோ யோசிக்கலாம். எதுவும் முடியாத வாடகை வீட்டுச் சகோதரர்கள், இருக்கும் ஹீட்டரின் சூட்டளவை உச்சத்தில் வைக்காமல் 60-க்கு இறக்கி, தேவைக்கு அரை மணி முன்னால் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். 50-க்குக் கீழும் இறக்க வேண்டாம், தேங்கும் வெதுவெதுப்பான நீரில் கிருமி வளரும்.

விறகு வைத்து வெந்நீர் அண்டா ஏற்றும் வீடுகள் நம் தோட்டப் பகுதிகளில் இன்னும் உண்டு. நெருப்பும் அதன் மரமும் அல்லாஹ்வின் அருட்கொடை என்று அல்வாகிஆ அத்தியாயம் நினைவூட்டுகிறது. ஆனால் அந்தப் புகையை மூன்று வேளையும் சுவாசிப்பது நம் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய நெஞ்சும் ஓர் அமானத்தே.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒன்று, வாளியில் போடும் ராடு. மின்சாரத்தை வீணாக்காத கருவிதான், கிட்டத்தட்ட எல்லாச் சூடும் நீருக்கே போகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது நீரில் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் எத்தனை வீடுகளில்! பிளக்கைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். வீட்டில் எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீஸர். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிப்போம். போதிய காற்றில்லாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து அப்படியே போய்ச் சேர்ந்த செய்திகளைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். கருவியைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் கழற்றுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். மின்கட்டணத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வட்டிக் கடனில் போய் விழாதீர்கள். ரொக்கத்துக்கு இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு என்று விற்பவரே ஒரு விலையை முடிவு செய்து, தாமதத்துக்கு மேலும் ஏற்றாமல் விற்றால், அதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். நடுவில் ஒரு நிறுவனம் கடன் கொடுத்து வட்டி வாங்கினால் அது வேறு விஷயம். பெயர் எதுவாக இருந்தாலும் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது என்னிடம் கொண்டுவாருங்கள். முதவல்லி அவர்களிடம் பேசியிருக்கிறேன். நம் பைத்துல்மாலில் இருந்து முதியோர் உள்ள வீடுகளுக்கு அழகிய கடனாக, வட்டியின்றி, மாதம் கொஞ்சமாகத் திருப்பித் தரும்படி கொடுக்க நிர்வாகம் ஆலோசித்து வருகிறது. ஜகாத் பணத்தை இதற்குத் தொடமாட்டோம், அதன் எட்டுப் பிரிவினர் யார் என்பது தவ்பா அத்தியாயத்திலேயே தெளிவாக இருக்கிறது.

பெரியவருடைய கேள்வி ஒன்று பாக்கி. நான் எழுந்து விடைபெறும்போது, மெல்லிய குரலில் கேட்டார்: "மக்ரூஹ் என்று தெரியாமல் இரண்டு மாதம் அந்த நீரில் உளூச் செய்து தொழுதேனே, அதையெல்லாம் களாச் செய்யணுமா?" வேண்டாம் அத்தா என்றேன். மக்ரூஹ் என்று சொன்னவர்கள் சொல்படியும் அந்த உளூ நிறைவானது, அந்தத் தொழுகைகள் கூடிவிட்டன, ஒரு ரக்அத்தையும் திருப்பத் தேவையில்லை. காய்ச்சல் விடும்வரை வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள், சுடுநீரில் உளூச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகன் அப்போதே வெந்நீர்க் குழாயைத் திறந்து, முதலில் வந்த ஆறிய நீரை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார்.